பழைய ஸ்ட்ரட்டுக்குள் புது இன்சர்ட்: சியலோ வைத்திருக்கும் தம்பிக்கு

மதுரை திருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 1997-ல் வாங்கிய டேவூ சியலோ இன்னும் வீட்டில் ஓடுகிறது. முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட்டிலும், அதாவது முன் சக்கரங்களைத் தாங்கிக் குலுக்கலை அடக்கும் குழாய்களிலும், எண்ணெய் கசிகிறது. ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் வண்டி மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் நிற்கிறதாம். மெக்கானிக் மூன்று வழி சொல்லியிருக்கிறார்: ஆயில் சீல் மாற்றிப் பழையதையே ரீகண்டிஷன் செய்வது, ஸ்ட்ரட்டின் தலையை வெட்டி வேறு வண்டியின் ஷாக்கை உள்ளே வைத்து வெல்டு அடிப்பது, இன்சர்ட், அதாவது பழைய குழாய்க்குள் அப்படியே இறக்கும் சீல் செய்த புது ஷாக், வரவழைத்து மாட்டுவது. எது சரி, இன்சர்ட் போட்டால் குழாய்க்குள் எண்ணெய் ஊற்ற வேண்டுமா, வீட்டு வாசலிலேயே இதைச் செய்ய முடியுமா என்பவை தம்பியின் கேள்விகள்.

இன்சர்ட் போடுங்கள் தம்பி. ஆனால் இன்சர்ட் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை "இன்சர்ட் சரியில்லை, டூப்ளிகேட்" என்று வந்த புகார்களில் முக்கால்வாசி இன்சர்ட்டின் தப்பே கிடையாது. அது குழாய்க்குள் இறுக்கமாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். அம்பாசடர், பத்மினி காலத்து ஆட்களுக்கு ஷாக் என்றால் தனியாகக் கழற்றித் தனியாக மாட்டும் ஒரு சாமான். வண்டியின் எடையும் திருப்பமும் அதன் தலையில் விழாது. ஸ்ட்ரட் அப்படியில்லை. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் யோசித்த அமைப்பு அது. 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஜெஃபிர் கார்களில் வந்தது. நம் ரோடுகளில் அது சர்வசாதாரணமானது 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான். ஸ்பிரிங் அதன் மேல் உட்காருகிறது, சக்கரம் அதன் காலில் தொங்குகிறது, ஸ்டீயரிங்கை ஒடித்தால் அதுவும் சேர்ந்து திரும்புகிறது. ஷாக் வேலையும் பார்த்துக்கொண்டு, சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் கையான மேல் விஷ்போன் வேலையையும் அதுவே பார்க்கிறது.

சியலோ அடிப்படையில் ஓப்பல் கேடட் ஈ. அதில் ஸ்டீயரிங்கின் டை ராடு வந்து சேரும் கை, ஸ்ட்ரட் குழாயிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியின் வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும். அதனால்தான் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றும்படி செய்திருக்கிறார்கள். மேலே ஒரு பெரிய வட்ட நட்டு. அதைத் திறந்தால் உள்ளே இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, குழாயே எண்ணெய்த் தொட்டியாக இருந்து, நடுவில் சிலிண்டர், பிஸ்டன், அடியில் வால்வு என்று தனித்தனிச் சாமான்களாக இருக்கும். அல்லது யாரோ முன்பே மாற்றிய, சீல் செய்த ஒரு இன்சர்ட் இருக்கும். கேட்ரிட்ஜ் என்று கேட்டாலும் கடையில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்போது மெக்கானிக் சொன்ன வெல்டு வழி. இதை நான் திட்டவட்டமாக வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கையால் தொட்டே பார்க்கலாம். ஒரு பழைய ஸ்ட்ரட்டின் ராடையும் ஒரு சாதாரணப் பின் ஷாக்கின் ராடையும் பக்கத்தில் வைத்து வெர்னியர் அளவுகோல் போடுங்கள். ஸ்ட்ரட் ராடு 20 மி.மீ.யை ஒட்டி இருக்கும். சாதாரண ஷாக் ராடு 12 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். வளைவில் வண்டி சாயும்போது, பிரேக் அடிக்கும்போது, பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ட்ரட் ராடைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும் விசை வருகிறது. அதற்குத்தான் அந்தத் தடிமன். மெலிந்த ராடை அந்த இடத்தில் நிற்க வைத்தால் சீக்கிரம் வழிகாட்டி புஷ் தேயும், சீல் போகும், ராடே வளையும். அது போதாதென்று எண்ணெய் ஊறிய குழாயில் வெல்டு வைப்பது வெடிவைப்பதற்குச் சமம். நன்றாகக் கழுவி வைத்தாலும், அந்தச் சூட்டில் புதிதாகப் போட்ட ஷாக்கின் சீல் கருகிவிடும். அப்புறம் எதற்கு அந்தச் செலவு?

ரீகண்டிஷன் என்பது அவ்வளவு மட்டமான வேலை இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். திறக்க முடிகிற ஸ்ட்ரட்டில் சீல் மாற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும் நியாயமான வேலைதான். ஆனால் ராடில் துருப்பொட்டு இருந்தால் புது சீலை அது அரம் மாதிரி அறுத்துவிடும். ராடை முழுதாக வெளியே இழுத்து, பளபளப்பாகத் துடைத்து, நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் ஓரிடத்தில் தட்டினால் அந்த ராடு போயிற்று. இன்னொன்று எண்ணெய். ஷாக்குக்கு உரிய மெல்லிய எண்ணெயை மில்லி கணக்குப் பார்த்து ஊற்ற வேண்டும். கடையில் கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள். கெட்டியான இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ஒரு வாரம் "ஷாக் நல்லா ஹார்டா இருக்கு" என்று சந்தோஷப்படலாம். பிறகு சீல் பிதுங்கும். இன்சர்ட் கிடைக்கவே கிடைக்காத வண்டிக்கு, தெரிந்த கை இருந்தால், ரீகண்டிஷன். சியலோவுக்கு அந்த நிலை இல்லை. இந்தியாவில் அந்தக் கார் எப்போதோ நின்றுவிட்டது என்றாலும், அதே வண்டி நெக்ஸியா என்ற பெயரில் உஸ்பெகிஸ்தானில் 2016 வரை வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் நெக்ஸியா என்றும் கேடட் ஈ என்றும் தேடுங்கள். சியலோ என்று மட்டும் தேடினால் பழைய செய்திதான் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு பக்க ஸ்ட்ரட்டையாவது கழற்றி அளந்துவிடுங்கள். குழாயின் உள்விட்டம், மேல் விளிம்பிலிருந்து அடி வரை ஆழம், நட்டின் மரை. ஆழத்தை அளக்க ஒரு வெல்டிங் ராடை உள்ளே விட்டு விளிம்பில் நகத்தால் பிடித்து எடுத்தால் போதும். முப்பது வருஷ வண்டியில் யார் எந்தக் காலத்தில் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? பெட்டியில் எழுதியிருப்பதைவிட வெர்னியரை நம்புங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சாயும்.

கழற்றும் வேலை. ஜாக்கியில் மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்துவிடுங்கள். டை ராடு எண்டைச் சுத்தியலால் மரையில் அடித்து இறக்காமல் புல்லர் போட்டு இறக்குங்கள். கீழே, சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்டைக் கழற்றும் முன், ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் ஒரு கூரான ஆணியால் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, பழைய இடத்துக்குப் பக்கத்திலாவது வரும். ஸ்ட்ரட் விடுபட்டதும் ஹப் வெளியே சாயப் பார்க்கும். சாய விட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் இழுபட்டுக் கழன்றுவிடும். ஒரு கம்பியால் ஹப்பை வண்டியோடு கட்டி வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இன்னொரு இடம் இது. தெற்குவாசல் பக்கம் நான் வேலை கற்ற பட்டறையில் தகரக் கூரையில் ஒரு குழி உண்டு. உள்ளங்கை அகலம். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரசர் மாட்டாமலேயே மேல் நட்டைக் கழற்றியதில் ஸ்பிரிங் தட்டு எழுந்து போய் அடித்த இடம். முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்ததாம். புதுப் பையன் யார் வந்தாலும் முதல் நாள் அந்தக் குழியைக் காட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் கொடுப்பார் மேஸ்திரி. கம்ப்ரசர் இரண்டையும் நேர் எதிரெதிரே வையுங்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகி, கையால் ஆட்டினால் ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். ராடு சுற்றுகிறது என்று பைப் ரெஞ்சால் ராடைப் பிடிக்கவே கூடாது. ராடின் நுனியில் பிடிப்பதற்கென்றே இடம் வைத்திருப்பார்கள். கம்ப்ரசர் இல்லை, வாடகைக்கும் கிடைக்கவில்லை என்றால் வீட்டு வாசலில் செய்யும் திட்டத்தை இங்கேயே கைவிட்டுவிடுங்கள். ஸ்ட்ரட்டை அப்படியே தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை மட்டும் இறக்கி வாங்கி வாருங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஸ்பிரிங் போன பிறகு குழாயை வைஸில் பிடிக்கிறோம். அடிப்பக்கத்து பிராக்கெட்டில் பிடியுங்கள், குழாயின் வயிற்றில் பிடிக்காதீர்கள். குழாய் நசுங்கினால் இன்சர்ட் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பெரிய நட்டு சாதாரண வலக்கை மரைதான், இடப்பக்கம் சுற்றினால் கழலும். ஆனால் சுலபத்தில் கழலாது. முதல் நாள் இரவே மரையில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். விளிம்பை உளியால் தட்டி நட்டின் மேல் மடக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்த மடிப்பை அரத்தால் எடுத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். பலர் இங்கே கேஸ் டார்ச்சைத் தூக்குகிறார்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது, சூடேறினால் அழுத்தம் ஏறும், நட்டு இளகும் கணத்தில் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். நீளமான ரெஞ்சும் பொறுமையும் போதும்.

நட்டு வந்ததும் ராடை மெதுவாக இழுங்கள். கறுப்பாக, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நாற்றத்தோடு எண்ணெய் வரும். தகர டின்னில் பிடித்துக்கொள்ளுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். உள் சாமான்களை எடுத்ததும் குழாயை மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு இரண்டு தடவை அலசித் துணி சுற்றிய குச்சியால் அடி வரை துடையுங்கள். பழைய வால்வின் ஒரு தகடோ கெட்டிப்பட்ட சேறோ அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்சர்ட் அதன்மேல் உட்காரும், உயரம் தப்பும். மரையைச் சுத்தம் செய்ய ஒரு வழி: பழைய நட்டின் மரையில் குறுக்கே மூன்று இடத்தில் இரும்பு அறுக்கும் வாளால் வெட்டுப் போட்டு, அதையே ஏற்றி இறக்குங்கள். அழுக்கெல்லாம் அந்த வெட்டுகளில் வந்து சேர்ந்துவிடும்.

இப்போது எதுவும் ஊற்றாமல், வெறும் குழாயில் இன்சர்ட்டை இறக்கிப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். புதுப் பெட்டியோடு வந்த நட்டை, பழையதை அல்ல, கையால் சுற்றி இறுக்குங்கள். நட்டு இன்சர்ட்டின் தலையை அழுத்தி நிற்கும்போது, நட்டின் விளிம்புக்கும் குழாயின் விளிம்புக்கும் நடுவே ஒன்று, இரண்டு மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் நட்டு பிடித்திருப்பது இன்சர்ட்டை என்று அர்த்தம். இடைவெளியே இல்லாமல் நட்டு குழாயில் போய் முட்டி நின்றால், நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் குழாயைத்தான் இறுக்குகிறீர்கள். இன்சர்ட் உள்ளே சும்மா நிற்கிறது. ஸ்ட்ரட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி லேசாகத் தட்டும். அப்படியே வண்டியில் ஏறினால் ஒவ்வொரு சின்னக் குழியிலும் டொக், டொக். நாலு மாதத்தில் இன்சர்ட் தன் அடியைத் தானே அடித்துச் சப்பையாக்கிக்கொள்ளும்.

இப்படி இன்சர்ட்டின் உயரம் குறைவாக இருந்தால் அடியில் ஒரு வட்டு வைக்க வேண்டும். சில பெட்டிகளில் கூடவே வரும். வராவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து, தேவையான கனத்தில், குழாயின் உள்விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இரும்பில் ஒரே வட்டாகக் கடைந்து வாங்குங்கள். அரை நூல், ஒரு நூல் என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல் மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். நான்கைந்து வாஷரை அடுக்குவதும் சைக்கிள் டியூபை வெட்டி வைப்பதும் வேண்டாம், இரண்டுமே நாளடைவில் அமுங்கும். இன்சர்ட் குழாயைவிட ரொம்ப மெலிசாக இருந்தால் மேலே அதை நடுவில் நிறுத்த ஒரு வளையமும் வரும். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

சரி, எண்ணெய் ஊற்றுவதா வேண்டாமா. இன்சர்ட் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் ஊற்றுவது வேறு காரணத்துக்கு. ஷாக்கின் வேலையே குலுக்கலைச் சூடாக மாற்றுவது. அந்தச் சூடு வெளிக்குழாய்க்கு வந்தால்தான் காற்றில் போகும். நடுவில் வெறும் காற்று நின்றால் சூடு தாண்டாது. சித்திரை வெயிலில் உசிலம்பட்டி வரை ஒரு ஓட்டம் ஓட்டினால் இன்சர்ட் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். அந்த இடுக்கில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் சூட்டைக் கடத்தும், உள்ளே துருவும் பிடிக்காது. துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிப்போன இன்சர்ட்டை எடுப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்பது அடுத்த தடவை இதைத் திறப்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் எவ்வளவு? இங்கேதான் நானே மாட்டிக்கொண்டேன். முதன்முதலில் தனியாகச் செய்தபோது, நல்லதுதானே என்று குழாயில் பாதிக்கு ஊற்றி இன்சர்ட்டை இறக்கினேன். மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு நட்டை இறுக்கிவிட்டேன். மூன்று நாளாக நட்டைச் சுற்றி எண்ணெய் ஈரம். புது இன்சர்ட் லீக் என்று கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ராடைத் துணியால் துடைத்து, நாலு தடவை வண்டியை அமுக்கிக் காட்டினார். ராடு காய்ந்து கிடந்தது. ஈரமெல்லாம் நட்டின் மரையில். நான் ஊற்றிய எண்ணெய் சூட்டில் விரிந்து, போக இடமில்லாமல் மரை வழியாக வந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தத் துணியைத்தான் சோதனையாக வைத்திருக்கிறேன்: ராடு ஈரமென்றால் இன்சர்ட்டின் சீல், மரை மட்டும் ஈரமென்றால் நம் கைவேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் உள்விட்டம் 48 மி.மீ., இன்சர்ட் 45 மி.மீ., நீளம் 350 மி.மீ. என்று ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள இடுக்கு முழுவதும் நிறையவே 77 மில்லிதான் வேண்டும். இன்சர்ட் 40 மி.மீ. என்றால் அதே இடுக்கு 190 மில்லிக்கு மேல் கேட்கும். அதனால் அடுத்தவர் சொன்ன அளவை ஊற்றாதீர்கள். கொஞ்சம் ஊற்றி, இன்சர்ட்டை இறக்கி, ஒரு மெல்லிய கம்பியை இடுக்கில் விட்டு மட்டம் பாருங்கள். விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் கீழே நின்றால் போதும். சாதாரண இன்ஜின் ஆயில் சரிதான், இங்கே அது ஷாக் வேலை பார்க்கப் போவதில்லை. பெட்டித் தாளில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். குழாயின் அடியில் ஓட்டை போட்டு போல்ட்டால் பிடிக்கும் வகை இன்சர்ட்டும் உண்டு. அதில் எதையும் ஊற்றக் கூடாது, ஊற்றினாலும் நிற்காது.

மாட்டும் முன் இன்சர்ட்டை நிமிர்த்தி வைத்து ராடை முழுதாக நாலைந்து தடவை இழுத்து அமுக்குங்கள். கப்பலிலும் லாரியிலும் படுத்தே வந்ததால் உள்ளே காற்று புகுந்திருக்கும். முதல் இரண்டு அமுக்கில் தொளதொளவென்று இருந்து பிறகு சீராகும். நட்டைத் தாளில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சில் முடியுங்கள். ரெஞ்சில் மூன்றடிக் குழாய் செருகித் தொங்கினால் இன்சர்ட்டின் கழுத்து நசுங்கும்.

ஸ்ட்ரட்டின் தலை வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள டாப் மவுண்ட் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் மாற்றிவிடுங்கள். ராடில் செருகியிருக்கும் முட்டுக்கட்டையான பம்ப் ஸ்டாப் அநேகமாக எடுத்தாலே பொட்டுக்கடலை மாவாக உதிரும். அது இல்லாமல் மாட்டிவிடும் ஆட்கள் நிறைய. பெரிய பள்ளத்தில் இன்சர்ட் அடிவரை போய் இரும்பும் இரும்புமாக முட்டுவது அதனால்தான். ராடைப் புழுதியிலிருந்து மூடும் உறையான டஸ்ட் பூட்டும் அப்படியே. நம் பக்கத்துச் செம்மண் புழுதி ராடில் படிந்தால் சீலுக்கு அதைவிட வேறு எமன் வேண்டாம். அப்புறம், இன்சர்ட் போட்டதும் வண்டி உயரும் என்று அப்பா எதிர்பார்த்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். இறங்கிய வண்டி இறங்கித்தான் நிற்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். சத்தம் பார்க்க நான் போகும் இடம் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரே மாதிரி ரோடு, சீரான இடைவெளியில் இணைப்புகள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினால் டயர் தட்டும் சத்தமும் இன்சர்ட் தட்டும் சத்தமும் வேறு வேறாகக் கேட்கும். டயர் சத்தம் அமுங்கியிருக்கும், இன்சர்ட் சத்தம் ஸ்டீயரிங்கைப் பிடித்த விரலில் தெரியும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது "டங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் அதன் நுனி தட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. இன்சர்ட்டைத் திட்ட வேண்டாம்.

ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து பானெட்டைத் திறந்து மேல் நட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரட்டில் நீங்கள் என்ன கனத்துக்கு வட்டு வைத்தீர்கள், எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதை ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கும் உறையிலேயே ஒரு தாளில் எழுதிப் போட்டு வையுங்கள். அடுத்த தடவை அந்தக் குழாயைத் திறப்பது நீங்களாகவே இருந்தாலும் அதற்குள் மறந்திருப்பீர்கள்.